கரடிக்கு எதற்கு வயசாக வேண்டும்

செக்கிங் அக்காவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதப் போவதில்லை. சோமனூர்ப் பக்கம் வேறொரு பனியன் கம்பெனியில் அவர் இப்போதும் வேலை பார்க்கிறார் என்று கேள்வி. நான் எழுதியதைப் படித்துவிட்டு அந்த முதலாளி, "ஓ, அந்தம்மாவா இந்தம்மா" என்று உஷாராகிவிட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். ஏற்கனவே ஒன்று விழுந்து கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனி திருப்பூர் போகும் சாலையில், குழந்தைகள் துணி மட்டும் தைக்கிற இடம். நான் மெர்ச்சண்டைசர். அதாவது ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனிக்கும் தைத்துக் கொடுக்கிற எங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அக்கா செக்கிங் பிரிவுக்குத் தலைவி. தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, வெட்டாமல் விட்ட நூல் பிசிறு எல்லாம் பார்ப்பார்கள். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அம்பு விழுந்த துணி ஒன்று திருத்தப்படும், இல்லை கழிக்கப்படும்.

மற்ற பெண்கள் கண்ணால் பார்ப்பார்கள். அக்கா உடம்பால் பார்ப்பார். இரண்டு முஷ்டிகளையும் சேர்த்து வைத்துக் கழுத்துப் பட்டிக்குள் நுழைப்பார். அவர் கணக்கில் அதுதான் இரண்டு வயசுக் குழந்தையின் தலை. முஷ்டி சிக்கினால் அம்பு. எம்ப்ராய்டரி போட்ட துணி என்றால் உள்பக்கத்தைத் திருப்பி முழங்கை மடிப்பில் தேய்த்துக்கொள்வார். தோல் சிவந்தால் அம்பு. பட்டனைப் பல்லால் கடித்து இழுப்பார். ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் தரம் பார்க்கப் பெங்களூரிலிருந்து வந்த க்யூசி ஒருவர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா பண்றீங்க?"

"கொழந்தை என்ன பண்ணுமோ அதைப் பண்றனுங்க."

அதே க்யூசியிடம்தான் ஒரு நாள் பெரிய சண்டை. கழுத்து அளவு, ஸ்பெக் என்கிற விவரத் தாளில் எழுதியபடி மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. அவர் டேப்பை வைத்து அளந்து காட்டினார். அக்கா முஷ்டியை நுழைத்துக் காட்டினார்.

"டேப்பு போவுதுங்க. தலை போவாதுங்க. தலை மாட்டிக்கிச்சுன்னா உள்ள இருட்டா இருக்கும், அது கத்தும். அம்மாக்காரி கொழந்தையத்தான் வைவா, உங்கள வையமாட்டாளுங்க."

இத்தனையும் 'ங்க' போட்டுத்தான். எங்கள் ஊரில் ஒருவரைக் கிழித்துத் தொங்கப் போடும்போதுதான் மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும். அந்த மனிதர் கடைசியில் கழுத்தைத் தளர்த்த ஒப்புக்கொண்டு போனார். பேச்சு அதோடு முடிந்தது. மதியம் அவருக்குச் சாப்பாடு போட்டதும் அக்காதான்.

இதையெல்லாம் வைத்து அவர் ஏதோ குழந்தைகளைக் கண்டால் உருகுகிற பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். நேரில் வருகிற குழந்தைகளை அவருக்கு ஆகவே ஆகாது. தையல்காரப் பெண்களின் பொடுசுகள் பள்ளி விட்டு கம்பெனிக்கு வந்து துணிக் குவியலில் குதித்தால், "எறங்கு சாமி, சூத்தாம்பட்டையில ரெண்டு வெச்சுப்போடுவேன்" என்று விரட்டுவார். கம்பெனி வேனில் பக்கத்து சீட்டில் குழந்தை அழுதால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் சண்டை போட்டதெல்லாம் அங்கே இல்லாத குழந்தைக்காக. எந்த ஊரோ, எந்த வீடோ, பேசத் தெரியாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஏதோ ஒன்றுக்காக. அதற்காகப் பேச ஆளில்லை என்கிற கோபம் அவருக்கு எப்போதும் இருந்தது.

இனி டொம்புவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டொம்பு ஒரு கார்ட்டூன் கரடிக்குட்டி. ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டிருக்கும். இன்னொன்றைத் தொலைத்துவிட்டது. வாரா வாரம் அதன் வாத்து நண்பனோடு சேர்ந்து அந்த சாக்ஸைத் தேடும். வேறு ஏதாவது கிடைக்கும், சாக்ஸ் மட்டும் கிடைக்காது. இவ்வளவுதான் கதை. சனிக்கிழமை காலையில் தமிழில் பேசிக்கொண்டு வரும். நான் பீளமேட்டில் எங்கள் வீட்டு ஹாலில் பல் தேய்க்காமல் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன். ஒரு காலில் சாக்ஸோடு பள்ளிக்கூடம் போவேன் என்று அடம்பிடித்து அம்மாவிடம் அடி வாங்கியவன். டொம்பு படம் போட்ட சட்டை தைக்கிற ஆர்டர் எங்கள் கம்பெனிக்கு வந்தபோது நான் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அக்கா டொம்புவை டிவியில் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சட்டையில் வருகிற டொம்புதான். ஆனால் எங்கள் எல்லோருக்கும் முன்னால், டொம்புவுக்கு வயசாகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

"தம்பி, இங்க வாங்க. இவன் மூஞ்சி மெலிஞ்சுபோச்சுங்க" என்றார் ஒரு நாள், புது சீசனின் பிரிண்டைக் காட்டி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழைய பீஸ் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஆமாம், கன்னம் வற்றியிருந்தது. அடுத்த வருஷம் புருவம் வந்தது. அதற்கடுத்து, சிரித்த வாய் நேர்க்கோடாகி, கரடிக்கு ஒரு தோல் ஜாக்கெட்டும் வந்தது. ஆர்டர் தாளில் எந்த சைஸில் எத்தனை என்று ஒரு பட்டியல் இருக்கும். ஆரம்பத்தில் இரண்டு வயசிலிருந்து ஆறு வயசு வரை. பிறகு எட்டு, பத்து. பிறகு பதினாலு. ஒரு தீபாவளிக்கு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று வந்து நின்றது. குழந்தைத் துணி தைக்கிற எங்கள் கம்பெனி அந்த ஒரு ஆர்டருக்காகப் பெரியவர்கள் அளவுக்கு டேபிள்களை மாற்றிப் போட்டது.

"இதாருக்குங்க? எருமை மாடு போடற சைஸு" என்றார் அக்கா.

"அப்பப் பாத்த பசங்க இப்ப பெரியவங்க ஆயிட்டாங்கக்கா. அவங்களுக்கு ஏத்த மாதிரி டொம்புவும் வளந்திருக்கு. இப்பெல்லாம் அப்படித்தான் எடுக்கறாங்க."

"என்ற பையனும் ஒண்ணு வாங்கிட்டு வந்து போட்டுட்டுச் சுத்தறானுங்க, பெருந்துறையில வேலைக்குப் போறவன். சரி, போடட்டும். அப்ப இப்பப் பொறந்ததுக்கெல்லாம் ஆருங்க?"

இந்தக் கேள்விக்கு நான் அன்றைக்குச் சிரித்தேன். புதுசு புதுசாக எத்தனையோ வருது அக்கா என்றேன். அவர் அடுத்த பீஸை விரித்தார்.

பிறகு அந்தப் படம் வந்தது. டொம்புவின் முழு நீளப் படம். வாத்தை யாரோ கொன்றுவிடுகிறார்கள். டொம்பு குடிக்கிறது, கெட்ட வார்த்தை பேசுகிறது, ஒரு கண் போய், வாயெல்லாம் ரத்தமாக ஒவ்வொருவராகப் பழி வாங்குகிறது. எடுத்தவர்கள் 'ரசிகர்களோடு சேர்ந்து டொம்புவும் முதிர்ச்சி அடைந்திருக்கிறது' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நானும் கோயமுத்தூரில் முதல் நாள் போய்ப் பார்த்தேன். பொய் சொல்லப் போவதில்லை, வாத்து செத்தபோது நான் அழுதேன். என்னைப் போல முப்பது வயசுக்காரர்கள் தியேட்டர் முழுக்க மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு முன் வரிசையில் ஒரு குடும்பம். போஸ்டரில் கரடியைப் பார்த்துவிட்டு இரண்டு குழந்தைகளைக் கூட்டி வந்திருந்தார்கள். வாசலில் யாரும் தடுக்கவில்லை. சின்னதுக்கு நாலு வயசு இருக்கும். எங்கள் கம்பெனி தைத்த பழைய டொம்பு சட்டைதான் போட்டிருந்தது. டொம்பு முதல் ஆளின் கழுத்தைக் கடித்ததும் அது வீரிட்டது. அப்பா வாயைப் பொத்தினார். சத்தம் கையை மீறி வந்தது. நான் முன்னால் குனிந்து, "கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போங்களேன், படம் பாக்கறோமில்ல" என்றேன்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் படக் கதையை எல்லோருக்கும் சொன்னபோது, இதையும் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங் தம்பி, அது கரடியப் பாக்கோணும்னு வந்துச்சு. நீங்க போயி அத வெளிய தொரத்தினீங்களா?"

"அது பெரியவங்க படங்க்கா. கூட்டிட்டு வந்தது அவங்க தப்பு."

"பெரியவியளுக்கு எத்தனையோ இருக்குதுங்களே. கொலை பாக்கோணும்னா கொலைப் படம் இல்லீங்களா? குடிகாரனப் பாக்கோணும்னா ஊருக்குள்ள இல்லீங்களா? அதுகளுக்கு இருந்தது ஒரு கரடி. உங்களுக்கு வயசாச்சுன்னா கரடிக்கும் வயசாகோணுமாங்க?"

டீ ஆறிப்போய்க் கிடந்தது. அவர் போய்விட்டார். எனக்கு உள்ளுக்குள் கோபம்தான் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற இந்தம்மாவுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படியேதான் நினைத்தேன். என் டொம்பு என்னோடு வளரட்டுமே, இவருக்கு என்ன போச்சு?

படம் ஓடிய ஓட்டத்தில் பெரிய ஆர்டர் வந்தது. ஒரு கண் போய், வாயில் ரத்தம் வழிகிற டொம்பு, நெஞ்சு முழுக்க ரப்பர் பிரிண்டில். பெரியவர்கள் சைஸ் பாதி. மீதிப் பாதி, இரண்டு வயசிலிருந்து ஆறு வரை. அப்பாவும் பிள்ளையும் ஒரே மாதிரி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ள ஜோடி செட். ஆர்டர் கொடுத்தவர்கள் சின்ன சைஸுக்கு ரத்தத்தை எடுத்துவிடலாமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தால்தானே செட் என்று பதில் அனுப்பியவன் நான். அதை அக்காவிடம் நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

பீஸெல்லாம் தைத்து முடிந்து க்யூசி மதியம் வருகிறார் என்ற நாளன்று காலையில், சூப்பர்வைசரே மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்தார். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். பெரிய சைஸெல்லாம் பாஸாகி, பிசிறு வெட்டி, ஒழுங்காக அடுக்கியிருந்தது. ஒரு குறை கிடையாது. அக்காவின் வேலை சுத்தம். சின்ன சைஸ் மொத்தமும் கழிவுப் பக்கம் கிடந்தது. ஒவ்வொன்றிலும் கரடியின் வாயைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. அவரும் அவர் பெண்களும் இரண்டு நாளாக உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள். என்ன குறை என்று எழுத வேண்டிய தாளில், ஓட்டை, கறை, தையல் விட்டது என்ற கட்டங்களையெல்லாம் காலியாக விட்டுவிட்டு, கீழே கோணல் எழுத்தில் 'கொழந்தைக்கு ஆவாது' என்று எழுதியிருந்தார்.

முதலாளி வந்தார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசாதவர். அன்றைக்கு அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"அம்மணி, எந்திரிங்க. இந்த ஸ்டிக்கரையெல்லாம் பிச்சுப்போட்டு, தாள்ல பாஸ்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. மதியத்துக்குள்ள முடியோணும்."

"மாட்டனுங்க."

"மாட்டன்னா, இந்த சீட்ல வேற ஆளு உக்கார வேண்டியதாப் போயிரும் பாத்துக்கங்க."

"உக்காரட்டுங்க. பெரிய சைஸுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. அவிய காசு, அவிய இஷ்டம். இது அவிய கேட்டு வாங்கறதில்லீங்களே மொதலாளி. ரெண்டு வயசுக்குக் கையத் தூக்குன்னா தூக்கும், போட்டு உடறதப் போட்டுக்கும். அதுக்குப் பதிலா நான் இங்க உக்காந்திருக்கறனுங்க. எனக்கு ஆவாது."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி என் பக்கம் திரும்பினார். அவருக்கும் சங்கடம்தான். பதினைந்து வருஷத்துக்கு மேல் கூட இருந்த மனுஷியை எதையாவது பிடித்து நிறுத்த முடியுமா என்று பார்த்தார். அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"தம்பி, நீங்க சொல்லுங்க. ஸ்பெக் ஃபைல் உங்ககிட்டத்தான இருக்குது. இதுல குறை இருக்குதா, இல்லையா?"

குறை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சின்னக் குழந்தைக்கு இந்தப் படம் வேண்டாம், ஆர்டர் கொடுத்த கம்பெனியிடம் நான் பேசுகிறேன், இரண்டு நாள் டைம் கேட்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் என்னைக் கேட்டார். ஆனால் ரத்தத்தை விட்டு வைக்கச் சொன்னவனே நான். அதற்கும் மேலே, டீ நேரத்தில் பத்துப் பேர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குள் புகைந்துகொண்டிருந்தது.

"ஸ்பெக்படி ஒரு குறையும் இல்லீங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கழுத்துப் பட்டியை விரித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"உங்கூட்டுல மூணு வயசுல பாப்பா இருக்குதல்லங்க தம்பி. அதுக்குப் போடுவீங்களா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தோற்கத் தயாராக இல்லை.

"தாராளமாப் போடுவனுங்க்கா."

"சரீங்க" என்றார். குவியலிலிருந்து மூணு வயசு சைஸில் ஒன்றை எடுத்தார். அம்பு ஸ்டிக்கரைத் துணி இழுபடாமல் மெல்லப் பிரித்தார். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூல் பிசிறைக் கத்தரித்தார். நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, "வாரனுங்க மொதலாளி" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். வேன் கிடையாது அந்த நேரத்தில். வெயிலில் மெயின் ரோடு வரை நடந்துதான் போயிருக்க வேண்டும். நாங்கள் ஒருவர் கூட எழுந்து பின்னால் போகவில்லை.

க்யூசி வருவதற்குள் எல்லோரும் சேர்ந்து ஸ்டிக்கர்களைப் பிய்த்தோம். சரக்கு லாரி ஏறிவிட்டது. கடைகளுக்குப் போய் விற்றும் விட்டது. புகார் ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு எழுதத் தெரியாது. இணையத்தில் நட்சத்திரம் போடத் தெரியாது. எங்கள் தலைமுறைக்கு எல்லாம் தெரியும். டொம்புவைத் திருப்பிக் கொடு என்று கத்தத் தெரியும், கொடுத்ததும் அது எங்களைப் போலவே இருக்க வேண்டும் என்று கேட்கத் தெரியும். எங்களுக்கு வாழ்க்கை கசந்து போனால் ஒரு பொம்மைக் கரடியின் வாயிலும் கசப்பை ஊற்றிவிட்டு அதற்கு முதிர்ச்சி என்று பெயர் வைக்கத் தெரியும். விளையாடி முடித்த பொம்மையைக்கூடச் சின்னதுகளுக்கு விட்டுக் கொடுக்காத கூட்டம் நாங்கள். இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வீம்பு. நான் பழைய டொம்புவை போனில் போட்டுக் காட்டியிருந்ததால் மகளுக்கு அதன்மேல் உயிர். சட்டையை விரித்ததும், "டொம்பூ!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையையும் தூக்கினாள். போட்டுவிட்டேன். தலை சுலபமாகப் போனது.

நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பயப்படுவாள் என்று நினைத்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கருமத்தைங்க போட்டு உட்டிருக்கீங்க?" என்றாள்.

"அப்பா, டொம்பு பீட்ரூட் சாப்பிட்டானா?"

"ம்" என்றேன்.

"வாய் தொடைக்கவே இல்ல." அவளுக்கு அவள் அம்மா செய்வது போலவே, விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, கரடியின் வாயைத் தேய்த்தாள். பிறகு பாவாடை நுனியால் தேய்த்தாள். பிறகு என்னிடம் வந்து மடியில் ஏறி உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினாள்.

"போவ மாட்டேங்குதுப்பா. நீ தொடைச்சு உடு."

எத்தனை சலவைக்கும் நிறம் போகக் கூடாது என்று அந்த பிரிண்டுக்கு ஸ்பெக் எழுதியதே நான்தான். என் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து எடுத்து வந்தேன். அவள் அசையாமல், கழுத்தைத் தூக்கிக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.